டைம்ஸ்மெஷின்: ஒரு கொலைச் செய்தியை வைத்துப் பார்த்த மதிப்புரை

ஒரு செய்தித்தாளின் பழைய இதழ்க் காப்பகம் நல்லதா என்று பார்க்க வேண்டுமானால் நான் தேடுவது தேர்தல் முடிவையோ கிரிக்கெட் ஸ்கோரையோ அல்ல. ஒரு கொலைச் செய்தியை எடுத்துக்கொள்வேன். செய்தித்தாளில் மிக அவசரமாக எழுதப்படுவதும் அதிகம் படிக்கப்படுவதும் கொலைச் செய்திதான். பிழை என்று தெரிந்த பிறகும் திருத்தப்படாமல் கிடப்பதும் அதுதான். திருச்சியில் ஒரு தமிழ் நாளிதழின் மாவட்டப் பதிப்பில் பல ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். இப்போது இதழியல் மாணவர்களுக்குச் செய்தி எழுதுதல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்காகத்தான் நியூயார்க் டைம்ஸின் ‘டைம்ஸ்மெஷின்’ சேவையைப் பயன்படுத்தத் தொடங்கினேன். வாங்கலாமா என்று யோசிக்கும் ஆசிரியர்களும் நிருபர்களும் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் சேவை என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1851 செப்டம்பரில் வந்த முதல் இதழிலிருந்து 2002 முடிய, அச்சில் வந்த பக்கங்களை அப்படியே படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். தேதியைத் தேர்ந்தெடுத்தால் அன்றைய நாளிதழ் முழுதாகத் திறக்கும். பக்கத்தைப் பெரிதாக்கலாம், அடுத்த பக்கத்துக்குப் போகலாம், ஒரு செய்தியை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்கலாம். செய்திகளுக்கான சந்தா இருந்தால் போதும், இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. அந்தக் காலத்து டைம்ஸ் எட்டுப் பத்தி அகலம். கைபேசித் திரையில் அது எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரியும். கணினியில் பாருங்கள்.

நான் தேடிய செய்தி கிட்டி ஜெனோவீஸ் கொலை. 1964 மார்ச் 13 விடியற்காலை, நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் உள்ள கியூ கார்டன்ஸில் நடந்தது. கிட்டிக்கு 28 வயது. ஹாலிஸில் ஒரு மதுக்கூடத்தின் மேலாளராக இருந்தார். இரவு வேலை முடிந்து, ரயில் நிலையம் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தபோது, முன்பின் தெரியாத ஒருவன் பின்தொடர்ந்து வந்து கத்தியால் குத்தினான். வின்ஸ்டன் மோஸ்லி என்ற 29 வயது ஆள். அலுவலக இயந்திரங்களை இயக்கும் வேலையில் இருந்தவன். சில நாள் கழித்து ஒரு திருட்டில் பிடிபட்டபோது கொலையை ஒப்புக்கொண்டான்.

உளவியல் படித்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். 38 பேர் ஜன்னலில் நின்று அரை மணி நேரம் வேடிக்கை பார்த்தார்கள், ஒருவர்கூடப் போலீஸைக் கூப்பிடவில்லை என்று உலகம் முழுக்கப் பாடமாக நடத்தினார்கள். என் வகுப்புக்கு வருகிறவர்களிலும் சிலர் கல்லூரியில் அதை அப்படியே படித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

இனி காப்பகத்துக்குள் போவோம். மார்ச் 14ஆம் தேதி இதழைத் திறந்தால், கொலை நான்கே பாராவில் இருக்கிறது. குயின்ஸில் ஒரு பெண் வீட்டு வாசலில் குத்திக் கொல்லப்பட்டார், அவ்வளவுதான். 38 பேர் இல்லை, ஜன்னல் இல்லை, அரை மணி நேரம் இல்லை. எந்த ஊர்ச் செய்தி மேசையிலும் இரவு பத்து மணிக்கு மேல் வருகிற ஒரு கொலைக்கு இப்படித்தான் இடம் கிடைக்கும். இந்தச் சின்னச் செய்தியை அதன் பக்கத்தில், அன்றைய மற்ற செய்திகளோடும் விளம்பரங்களோடும் பார்க்க முடிவதுதான் இந்தச் சேவையின் பெரிய பலம். தட்டச்சு செய்த வெறும் எழுத்தாகப் படித்தால் அதன் அளவு தெரியாது. ஆசிரியர் குழு அன்று அதை எவ்வளவு பெரிய விஷயமாக நினைத்தது என்பதைப் பக்கம் சொல்லிவிடுகிறது.

அப்புறம் மார்ச் 27ஐத் திறக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து அதே கொலை முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. மார்ட்டின் கான்ஸ்பெர்க் எழுதியது. கொலையைப் பார்த்த 37 பேர் போலீஸைக் கூப்பிடவில்லை என்று தலைப்பு. உள்ளே முதல் வரியிலேயே 38 பேர்: மதிப்பான, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட 38 குடிமக்கள், ஒரு கொலைகாரன் ஒரு பெண்ணைத் துரத்தித் துரத்தி மூன்று தனித்தனித் தாக்குதல்களில் குத்தியதை அரை மணி நேரத்துக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இறந்த பிறகு ஒரே ஒருவர் போன் செய்தாராம், அதனால்தான் தலைப்பில் ஒன்று குறைவு.

எழுத்து என்று பார்த்தால் அசாத்தியமான எழுத்து. மணிக் கணக்கு, தெருவின் பெயர், மரங்கள் வரிசையாக நிற்கும் அமைதியான பகுதி, ஜன்னல்களில் விளக்கு எரிந்து அணைவது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைசியில், ஆம்புலன்ஸ் உடலை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் மக்கள் வெளியே வந்தார்கள் என்று ஒரு துப்பறியும் அதிகாரி சொல்வதோடு முடியும். வகுப்பில் இதைப் படித்துக் காட்டினால் யாரும் சிறிது நேரம் பேசுவதில்லை. அந்த அமைதிதான் எனக்குக் கவலை. ஒரு செய்தி இவ்வளவு நன்றாகப் பொருந்தி வந்தால் ‘இது எப்படித் தெரியும்?’ என்ற கேள்வி யாருக்கும் எழுவதில்லை.

அந்தக் கேள்வி எழுந்திருக்க வேண்டும். தாக்குதல் மூன்று அல்ல, இரண்டு. முதலாவது ஆஸ்டின் தெருவில், விளக்கு வெளிச்சத்தில், விடியற்காலை 3.20 மணி அளவில் நடந்தது. எதிர்க் கட்டடத்தின் மேல்மாடியிலிருந்து ஒருவர் ஜன்னலைத் திறந்து, அந்தப் பெண்ணை விடு என்று கத்தினார். மோஸ்லி ஓடிவிட்டான். கிட்டி எழுந்து, கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனார். தெருவைப் பார்த்த ஜன்னல்களில் இருந்தவர்களுக்கு, ஒரு பெண் தானாக நடந்துபோகிறாள் என்பதுதான் கடைசியாகத் தெரிந்தது. பக்கத்தில் மதுக்கூடம் ஒன்று இருந்ததால் குடித்தவர்கள் சண்டை என்று நினைத்தவர்களும் உண்டு. சுமார் பத்து நிமிடம் கழித்து மோஸ்லி திரும்பி வந்து, பின்பக்கக் கட்டடத்தின் மாடிப்படி முகப்புக்குள் விழுந்து கிடந்த கிட்டியைக் கண்டுபிடித்தான். இரண்டாவது தாக்குதல் அந்தச் சுவர்களுக்குள் நடந்தது. தெருவிலிருந்து யாரும் அதைப் பார்த்திருக்கவே முடியாது. முதல் தாக்குதலிலேயே நுரையீரலில் காயம் பட்டிருந்ததால், அரை மணி நேரம் கூச்சல் போட்டிருக்கவும் முடியாது. மார்ச் மாதக் குளிர், ஜன்னல்கள் மூடியிருந்தன, பெரும்பாலோர் தூக்கத்தில் இருந்தார்கள்.

யாருமே தவறு செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. எதிர்க் கட்டடத்தில் வேலை பார்த்த ஒருவர் முதல் தாக்குதலைக் கண்ணால் கண்டும் உள்ளே போய்விட்டார். மாடிப்படியின் மேல் குடியிருந்த ஒருவர் கதவைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டார்; நண்பர்களிடம் யோசனை கேட்ட பிறகு, தாமதமாகத்தான் போலீஸுக்குத் தகவல் போனது. அந்த இரண்டு பேர் செய்ததை எழுதியிருந்தாலே செய்தி கனமாகத்தான் இருந்திருக்கும். அதை 38ஆகப் பெருக்கியதில்தான் ஒரு தெரு முழுக்கக் குற்றவாளி ஆனது.

இதற்கு மறுபக்கம் அந்த முதல் பக்கச் செய்தியில் இல்லவே இல்லை. சோஃபியா ஃபரார் என்ற பக்கத்து வீட்டுப் பெண், தகவல் தெரிந்ததும் மாடிப்படி முகப்புக்கு ஓடினார். கொலைகாரன் இன்னும் அங்கேதான் இருக்கிறானா என்றுகூட அவருக்குத் தெரியாது. கிட்டியைக் கைகளில் தாங்கி, உதவி வருகிறது என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். கிட்டி தனியாகச் சாகவில்லை. 1964இல் அவசர உதவிக்கு 911 என்ற எண் நியூயார்க்கில் கிடையாது, 1968இல்தான் வந்தது. அந்தத் தெருவில் சிறுவனாக இருந்து பின்னாளில் போலீஸ்காரரான ஒருவர், முதல் கூச்சலைக் கேட்டதும் தன் அப்பா போலீஸுக்கு போன் செய்தார் என்று பிரமாணப் பத்திரமே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சரி, 38 எங்கிருந்து வந்தது? கொலை நடந்து பத்து நாள் கழித்து, டைம்ஸின் நகரச் செய்தி ஆசிரியர் ஏ. எம். ரோசந்தால், நகரக் காவல் ஆணையர் மைக்கேல் மர்ஃபியோடு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். ஆணையர் அங்கே சொன்ன எண் அது. ரோசந்தாலே பின்னால் இதை எழுதியிருக்கிறார். செய்தி மேசையில் வேலை பார்த்தவர்களுக்கு இது நடக்கும் விதம் நன்றாகத் தெரியும். எஸ்.பி. அலுவலகத்திலிருந்து ஒரு எண் வரும். ஸ்டிரிங்கர், அதாவது பகுதிநேரச் செய்தியாளர், அதையே போனில் சொல்வார். பதிப்பு போகும் நேரம் நெருங்கிவிட்டிருக்கும். அதிகாரி பெயரோடு வந்த எண் என்பதால் யாரும் அதைத் தொடமாட்டார்கள். ‘விசாரிக்கப்பட்டவர்கள்’ என்பது ‘பார்த்தவர்கள்’ ஆகிவிடும், ‘சத்தம் கேட்டது’ என்பது ‘கண்ணெதிரே நடந்தது’ ஆகிவிடும். போலீஸ் தரப்பை மட்டும் கேட்டு எழுதிய செய்தியில், போலீஸ் மேல் ஒரு கேள்விகூட இருக்காது என்பதையும் கவனியுங்கள். கியூ கார்டன்ஸ் செய்தியில் அக்கம்பக்கத்தார் எல்லோரும் கூண்டில் நிற்கிறார்கள். கொலை செய்தவனுக்குக் கிடைத்த இடம் சொற்பம்.

அடுத்த நாள் இதழையும் திறந்து பாருங்கள். மார்ச் 28இல் மனநல நிபுணர்களைக் கேட்டு, இந்த அலட்சியத்துக்கு என்ன காரணம் என்று ஒரு செய்தி வருகிறது. நடந்ததா என்று யாரும் கேட்கவில்லை, ஏன் நடந்தது என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மே 3ஆம் தேதி ஞாயிறு இதழில் ரோசந்தால் இதே அலட்சியத்தை ஒரு நோய் என்று வைத்து நீளமாக எழுதுகிறார். 1984 மார்ச்சில் இருபது ஆண்டு நிறைவுக்கு இன்னொரு கட்டுரை. இப்படித் தேதி தேதியாக வைத்துப் படிக்கும்போது, ஒரு பிழை எப்படி வேர் விடுகிறது என்று கண்ணால் பார்க்க முடிகிறது. நான் வேலை பார்த்த நாளிதழில் இதற்கு கிடங்குக்குள் போய் பைண்டு வால்யூம்களைத் தூசி தட்டி எடுக்க வேண்டும். இங்கே உட்கார்ந்த இடத்தில் நடக்கிறது.

உளவியல் பற்றி ஒரு வார்த்தை. இந்தச் செய்தியால் தூண்டப்பட்டு பிப் லட்டானே, ஜான் டார்லி இருவரும் செய்த சோதனை 1968இல் வெளிவந்தது. பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கச் செய்தார்கள். தான் மட்டும்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்கும் முன்பே உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேரும் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். அந்தச் சோதனை அதன் காலில் நிற்கிறது. செய்தி தவறு என்பதால் சோதனை தவறாகிவிடாது. சோதனை சரி என்பதால் செய்தியும் சரியாகிவிடாது. மாணவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

இப்போது சேவையின் பெரிய குறைக்கு வருகிறேன். பக்கப் படங்கள் 2002ஓடு முடிந்துவிடுகின்றன. டைம்ஸ் தன் பிழையைப் பார்க்கத் தொடங்கியதே அதற்கு அப்புறம்தான். கியூ கார்டன்ஸில் வசித்த ஒரு வழக்கறிஞர் வழக்கு ஆவணங்களையெல்லாம் தேடிப் படித்து, செய்தி எங்கெங்கே பொருந்தவில்லை என்று எடுத்துக்காட்டினார். அவர் கண்டவற்றோடு, 2004 பிப்ரவரியில் நாற்பது ஆண்டு கழித்து என்று ஒரு விரிவான கட்டுரை டைம்ஸிலேயே வந்தது. 2016இல் மோஸ்லி 81 வயதில் சிறையில் இறந்தபோது வெளியிட்ட இரங்கல் செய்தியில், சாட்சிகளின் எண்ணிக்கையையும் அவர்கள் கண்டதையும் அன்றைய செய்தி மிகையாகப் பெரிதாக்கிவிட்டது என்று எழுதினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி, 1964 செய்தியின் இணையப் பக்கத்தில் ஆசிரியர் குறிப்பு ஒன்றைச் சேர்த்தார்கள்: இந்த விவரிப்பின் முக்கியமான பகுதிகளைப் பிற்காலச் செய்திகள் கேள்விக்கு உள்ளாக்கியிருக்கின்றன என்று.

அதாவது தவறு முழுக்க டைம்ஸ்மெஷினுக்கு உள்ளே இருக்கிறது, திருத்தம் முழுக்க வெளியே இருக்கிறது. பழைய இதழின் படத்தை மட்டும் பார்க்கிற மாணவருக்கு 38 பேர்தான் கிடைப்பார்கள். அச்சான பக்கத்தின் படத்தில் கை வைக்கக் கூடாதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பழைய செய்திகளை மாற்றுவதில்லை, திருத்துவதில்லை என்று அவர்களே தளத்தில் எழுதி வைத்திருப்பது நல்ல கொள்கை. தவறான செய்தியை அழித்திருந்தால் நான் வகுப்பில் எதைக் காட்டுவேன்? ஆனால் படத்தைத் தொடாமலே ஓரத்தில் ஒரு குறி போடலாம். ஒரு பக்கத்தின் செய்திக்குப் பின்னால் திருத்தம் வந்திருந்தால் அங்கிருந்தே அதற்குப் போகிற வழி வேண்டும். ஐம்பத்திரண்டு ஆண்டு கழித்துக் குறிப்பு எழுதிய நேர்மை, அந்தக் குறிப்பு தேவைப்படுகிறவர் கண்ணில் படும்படி வைப்பதிலும் இருக்க வேண்டும்.

எண் தவறு ஒரு வகை. யாருக்கு இடம் கிடைத்தது என்பது இன்னொரு வகை. அதைக் கண்டுபிடிக்கத் தேடல் பெட்டிதான் கருவி. கிட்டியின் பெயரைப் போட்டால் பல பத்தாண்டுகள் தாண்டியும் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். கிட்டிக்கு இரண்டு வாரம் முன்பு, 1964 பிப்ரவரி 29 அன்று, சவுத் ஓசோன் பார்க்கில் ஆனி மே ஜான்சன் என்ற 24 வயதுக் கறுப்பினப் பெண் கொல்லப்பட்டார். அதுவும் தான்தான் என்று மோஸ்லி ஒப்புக்கொண்டான். முதல் பிரேதப் பரிசோதனையில் கூர்மையான ஆயுதத்தால் குத்திய காயங்கள் என்று முடிவு செய்திருந்தார்கள். துப்பாக்கியால் சுட்டேன் என்று மோஸ்லி சொன்ன பிறகு உடலைத் தோண்டி எடுத்துப் பார்த்தால் உள்ளே குண்டுகள் இருந்தன. ஒரு பெண் எப்படிச் செத்தாள் என்பதையே தவறாக எழுதி வைத்திருந்தது அரசு. இதைவிட என்ன செய்தி வேண்டும்? ஆனால் ஆனி மே ஜான்சன் பெயர் நான் பார்த்த எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, “மேம், இவங்களைப் பத்தி யாரு ஸ்டோரி பண்ணாங்க?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியையே பயிற்சியாகக் கொடுத்துவிட்டேன்.

கிட்டியே முழுதாக வரவில்லை. அவரும் மேரி ஆன் ஜிலோங்கோவும் துணைவியராக ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். கொலை நடந்த அன்று அவர்கள் சந்தித்து ஓராண்டு. அன்றைய செய்தித்தாள்களுக்கு மேரி ஆன் வெறும் அறைத்தோழி. உடலை அடையாளம் காட்டப் போனவர் அவர்தான். உலகம் முழுக்கச் சுற்றுகிற கிட்டியின் அந்தப் படம்கூட, 1961இல் மதுக்கூடத்தில் பந்தயப் பணம் வாங்கியதாகச் சின்ன வழக்கில் பிடிபட்டபோது போலீஸ் எடுத்தது. போலீஸிடமிருந்து படம் வாங்குவது சுலபம் என்பதற்காக, கொல்லப்பட்டவரைக் கைதியின் படத்தில் காட்டுகிற பழக்கத்தை நம் ஊர்ச் செய்தி அறைகளும் விடவில்லை. வீட்டாரிடம் ஒரு நல்ல படம் கேட்டு வாங்க ஒரு நாள் ஆகும். ஆகட்டும்.

தேடலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய அச்சை இயந்திரம் படித்து எழுத்தாக்கியதில் பிழைகள் இருக்கக்கூடும் என்று டைம்ஸே அறிவித்திருக்கிறது. அதனால் ஒரு பெயர் தேடலில் வரவில்லை என்பதை வைத்து, அந்தச் செய்தி வரவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். தேதியைக் கொண்டு பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆனி மே ஜான்சனுக்கு என்ன இடம் கிடைத்தது என்று எண்ணச் சொல்லும்போது மாணவர்களிடம் இதைத்தான் வலியுறுத்துகிறேன்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? இதழியல் ஆசிரியர்களுக்குக் கட்டாயம். கிரைம் செய்தி எழுதுகிற நிருபர்களுக்கும். அன்றாடச் செய்தி மட்டும் படிக்கிறவர்கள் இதற்காகவே சந்தா கட்ட வேண்டியதில்லை. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்று குறைவது திருத்தங்களைப் பக்கப் படத்தோடு இணைக்காததற்கு.

வகுப்புக்கு எடுத்துப் போகிறவர்கள் 14, 27, 28 ஆகிய மூன்று மார்ச் பக்கங்களையும் பெரிய தாளில் அச்செடுங்கள், கூடவே 2016 குறிப்பையும். 2004 கட்டுரையை டைம்ஸின் பொது இணையதளத்தில் தேட வேண்டும். சோஃபியா ஃபரார் 2020இல் 92 வயதில் இறந்தபோது டைம்ஸ் அவருக்கு இரங்கல் செய்தி வெளியிட்டது. அதுவும் பொதுத் தளத்தில்தான் இருக்கிறது. 1964 பக்கத்தின் படத்திலிருந்து அதற்குப் போக வழி இல்லை என்பதால் பெயரைத் தனியாகப் போட்டுத் தேடுங்கள்.